கயிறு பிடிக்காத வண்டி

என் வீட்டுக்காரரை வெட்ட வந்த இரண்டு பேருமே நான் ஆக்கிப்போட்ட சோற்றைத் தின்றவர்கள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம். தலைவர்களை விசாரிக்காமல் உள்ளே போட்டார்கள் என்று ஊருக்கு ஊர் தந்திக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் இளவட்டங்களிலும் மூன்று பேர் அறுத்தார்கள். அறுத்துவிட்டு, சின்னமனூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருந்த ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். உள்ளே பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும், ஆள் நின்றால் தெரியாது. அந்தக் கொடிக்கால் வெற்றிலையைச் சின்னமனூர் வழியாகத் தேனிச் சந்தைக்கு வண்டியில் கொண்டுபோகிறவர் என் வீட்டுக்காரர். வெற்றிலை ஏற்றப் போகும்போது நான் கட்டிக்கொடுத்த சோறும் கூடவே போகும். திரும்பும்போது காலிக் கூடைகளை அங்கே இறக்கிவைத்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவார்.

ஒரு நாள் தேனியில் போலீஸ்காரர்கள் அவருடைய வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் அவர்கள் எங்கேயாவது முகாம் போனால் கண்ணில் பட்ட வண்டியைப் பிடித்து மூட்டை முடிச்சை ஏற்றிவிடுவார்கள். கேட்க நாதி கிடையாது. இடம் போதவில்லை என்று இவரை இறக்கிவிட்டு, எங்கள் ஊரைத் தாண்டி இருந்த முகாமுக்கு ஒரு கான்ஸ்டபிளே ஓட்டிப் போனாராம். மறுநாள் அந்த ஊர் ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். இவர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். காலெல்லாம் கொப்புளம். அது பெரிதில்லை, மாடுகள் பட்டினி கிடக்குமே என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே கொடிக்காலுக்குள் போலீஸ் புகுந்து ஒருவனைப் பிடித்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் வாய்க்காலில் விழுந்து தப்பினார்கள். தங்களுக்குத் துப்புக் கிடைத்தது என்று போலீஸ்காரர்கள் காப்பிக் கடையில் மார்தட்டிக்கொண்டார்கள். துப்புச் சொன்னவன் யார் என்று ஊர் தேடிக்கொண்டிருந்தபோது, மறுநாள் இவர் ஸ்டேஷன் வாசலிலிருந்து வண்டியோடு வெளியே வந்ததை நாலு பேர் பார்த்தார்கள். போதாதா?

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் தப்பிய இரண்டு பேரும் அரிவாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாய்க்கால்வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார்கள். அரிவாளோடு என்ன பேச்சு? இந்த மனுஷனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்பது அவர் நினைப்பு. நான் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தெருவே கூடியது, ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. காட்டிக்கொடுத்தவனுக்குப் பரிந்து பேசினால் தங்கள் மேலும் அந்தப் பழி விழும் என்று எல்லோருக்கும் பயம்.

வந்தவள் ஒரே ஒருத்தி, பிடிபட்டவனின் தாய். அவளைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சத் தெம்பும் போய்விட்டது. மகனைப் பறிகொடுத்து நிற்பவள், முதல் வெட்டை அவளே போடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ நேராகப் போய் அவர்களுக்கு முன்னால் நின்றாள்.

"ஏலே, உள்ள கிடக்கது என் மகன். இவன் காட்டிக்கொடுத்திருந்தா உங்களுக்கு முன்னால நான் கேக்கணும். இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

ஊரே சொல்கிறது, கேட்க என்ன இருக்கிறது என்றான் ஒருவன்.

"விசாரிக்காம உள்ள போடுறாகன்னுதானலே கம்பிய அறுத்தீக. அதையே நீங்களும் செய்யவா என் மகன் அடி வாங்குறான்?"

கேட்டு முடிக்காமல் யாரும் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவர் தேனியில் நடந்ததைச் சொன்னார். அப்படியானால் போலீஸ் நேராகக் கொடிக்காலுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான். ஒரு பொய்யாவது சொல்லித் தொலையக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கான்ஸ்டபிள்தான் ஓட்டிப்போனார் என்று அவர் திரும்பவும் சொன்னபோது எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. என் தாய்வீடு சின்னமனூர். அங்கிருந்து திரும்பும்போதெல்லாம் இவர் வண்டியில் தூங்கிவிடுவார். மாடுகள் தண்ணீர் நினைப்பில் தாமாகவே கொடிக்காலுக்குள் திரும்பி நின்றுவிடும். நான் மாட்டையும் திட்டுவேன், இவரையும் திட்டுவேன். அந்தக் கான்ஸ்டபிளும் அதே பாதையில்தானே ஓட்டிப்போயிருப்பார்?

"அண்ணே, வண்டியப் பூட்டி நீங்களே ஏறுங்க. கயித்த மட்டும் தொடாதீக. மாடு எங்கன போகுதுன்னு பாருங்க," என்று அரிவாளோடு நின்றவர்களிடம் சொன்னேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தத் தாய் பூட்டச் சொன்னாள்.

வண்டியைச் சின்னமனூர்ப் பக்கம் கொண்டுபோய், கொடிக்காலைத் தாண்டி, ஊரைப் பார்க்கத் திருப்பி விட்டார்கள். அரிவாள்காரர்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். மத்தியானம்தான் நானே மாடுகளுக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கையே எனக்குப் பகையாகிவிட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். நடுவில் ஒரு மாடு மூத்திரம் பெய்ய நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் கொடிக்கால் திருப்பம் வந்தது. வலத்து மாடு தலையைத் திருப்பியது. இரண்டும் ஓட்டமாக உள்ளே போய், அவர்கள் ஒளிந்திருந்த குடிசைக்கு முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தன.

வண்டியிலிருந்த ஒருவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதான். துப்புக் கொடுத்தவர்களுக்கு வைக்கோல் போடுங்கள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். என் ஜென்மத்தில் அப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. இவர் மட்டும் மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே, பாவிகளா, ஒரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்களே என்று திட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிரிப்பு அடங்கியதும் மனசுக்குள் அரித்ததைக் கேட்டுவிட்டேன். மாடுகள் திரும்பாமல் நேரே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

அவள் நடையை நிறுத்தவில்லை.

"நேரா போனா மட்டும் உன் புருசன் குத்தவாளி ஆயிருவானா? நாளைக்கும் கேளுங்கலேன்னு உன் வாசல்லயே கிடந்திருப்பேன்."