செல்வியை விரட்டிய மூன்று வாரங்கள்

இராஜபாளையத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நானும் செல்வியும் அடுத்தடுத்த இருக்கையில் வேலை பார்க்கிறோம். பேண்டேஜ் ஆலை ஒன்றுக்காக நான் ஒரு மாதம் உழைத்து வரைந்த செயலியின் திரைகளை, அவள் தன்னுடையது என்று இணையத்தில் போட்டுவிட்டாள். பாராட்டுகள் குவிந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

நேரில் கேட்கத் துணிவில்லை. ஓர் ஆணின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினேன். அவள் எதைப் போட்டாலும், "இது யாருகிட்ட திருடுனது?" என்று கீழே எழுதினேன். அவள் திணறுவதைப் பார்ப்பதற்காகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்தேன். மூன்று வாரம் அப்படியே போனது. அவள் பதிவு போடுவதையே நிறுத்தினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வேலைக்கு மாதிரித் திரைகளை மேலாளர் கேட்ட அன்று, என்னிடம் ஒரு திரைகூட இல்லை. செல்வி பன்னிரண்டு காட்டினாள். எல்லாமே அவளே யோசித்தவை, அழகானவை. வேலை அவளுக்கே போனது.

டீ குடிக்கும்போது சொன்னாள்: "ஏட்டி, எவனோ என்னைய விடாம ஏசிக்கிட்டே இருந்தான். அழுதுட்டு, போனுல இருந்து அம்புட்டு ஆப்பையும் தூக்கிட்டேன். பொறவுதான் வேலையே ஓடுச்சு. ஆனா அவன் சொன்னது நெசந்தான். ஒன்னோடதப் போட்டது தப்பு, மன்னிச்சிரு."

நான் டீ டம்ளரை வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினேன்.

அன்றே அந்தக் கணக்கை அழித்தேன். அவள் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் எங்கள் இருவரில் மன்னிப்புக் கேட்டது அவள் மட்டும்தான் என்பது, அந்தக் கோபத்தைவிட அதிகமாக உறுத்துகிறது.