கோணலாக வந்த படகு

சித்தி வீட்டு மொட்டைமாடியில் நின்று நான் என் அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டியது இன்றும் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. செய்யூர் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்து, வயல்வெளி முழுவதும் தண்ணீர் நின்றது. சித்திக்கு நிறைமாதம், காலையிலிருந்தே வலி. சித்தப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். துணைக்கென்று என்னை அங்கே விட்டிருந்தார்கள். நல்ல துணைதான். சித்தி முனகும்போதெல்லாம் அவளைவிடச் சத்தமாக நான் அழுதேன்.

உச்சிவேளையில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. தான் ஓட்டும் சவுக்குக்கட்டை லாரியில் அப்பாதான் அதைக் கடப்பாக்கத்திலிருந்து ஏற்றி வந்திருந்தார். ஊரே தோள்கொடுத்து அதைத் தண்ணீரில் இறக்கியதாம். ஓட்டியவர் கடப்பாக்கத்து மீனவர். முன்னால் உட்கார்ந்திருந்தது அம்மா.

நேராக வந்தால் ஐந்து நிமிடம். அவர்களோ இடப்பக்கம் போனார்கள், வலப்பக்கம் திரும்பினார்கள், நடுவில் நின்றேவிட்டார்கள். சித்தி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்சுற்றிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"நேரா வாயேம்மா! இன்னா சுத்திகினு கீற?" என்று கத்தினேன்.

"வாய மூடுடி!" என்று பதில் வந்தது.

படிக்கட்டோரம் படகை அணைத்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் விஷயம் புரிந்தது. மேலே பார்த்தால் வெறும் தண்ணீர்; அடியில் வரப்பு, முள்கம்பி வேலி, கைப்பிடிச்சுவரோடு மூழ்கிய கிணறு. கடலைக் கரைத்துக் குடித்த அந்த மனிதருக்கு எங்கள் ஊர் வயல் தெரியாது. அங்கே எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் வருஷக்கணக்கில் நாற்று நட்ட அம்மாவுக்குத் தெரியாத வரப்பும் கிடையாது.

"அண்ணாத்த, வரப்பு வருது, இஞ்சினத் தூக்கு. அந்தாண்ட போவாத, கம்பி கீது!"

"நீ சொல்லிகினே வா தங்கச்சி. கடல்ல இந்தப் பேஜாரே இல்ல" என்றபடி அவர் இன்ஜினைத் தூக்கிவிட்டுச் சவுக்குக் கழியால் தள்ளினார். நிலத்துக்காரர்கள் முன்னால் குரலே எழும்பாத அம்மா, ஓர் ஆண்பிள்ளையை அதட்டி வேலை வாங்குவதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேட்டில் காத்திருந்த லாரியில் சித்தியை ஏற்றிக்கொண்டு அப்பா பறந்தார். ஆஸ்பத்திரிக்குள் போன அரைமணி நேரத்தில் தம்பி பிறந்துவிட்டான்.

அம்மா மட்டும் படகைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளும் விளிம்பைப் பிடித்தது பிடித்தபடி இருந்தன. மீனவர் அருகில் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அம்மா மரத்துப்போன கையை உதறிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வூட்ல ஆளுங்க கீறாங்க. திருப்பு அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

என்னை விட்டுவிட்டு அவள் மட்டும் இன்னொரு சவாரி போகிறாளே என்று கரையில் விழுந்து புரண்டு அழுதேன். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.