பம்பரம் என்று பேர் வைத்தவர்கள்

ஒரு மனுஷிக்குப் பட்டப்பேர் வைக்க எவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? பஸ் பணிமனையில் பிரேக் வேலை பார்க்கும் தம்பிக்கு, இந்தக் கேள்வி வருஷக்கணக்காகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அவனுடைய அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் ரிமோட் கார் ஓட்டுவாள். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவன் தொலைந்தான். ஊரோரம் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் தார்த் தளத்தில், பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை அமைத்து, வளர்ந்த ஆம்பிளைகள் பந்தயம் விடுவார்கள். அவர்களுக்கு நடுவே இவள் ஒருத்திதான் பெண். நேர்ப்பாதையில் எவனுக்கும் பிடி கொடுக்கமாட்டாள். கடைசி வளைவில்தான் சனியன். பிரேக் போட்டதும் பின்சக்கரம் இறுகி, வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஒரு நாள் அப்படிச் சுற்றியபோது பந்தயம் நடத்தும் சங்கத்தின் செயலாளர் மைக்கிலேயே, "பம்பரம் அக்கா வந்தாச்சு!" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது.

ஏன் சுற்றுகிறது என்று ஒருத்தனாவது கேட்டானா? தையல் மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. கையில் இருந்த காலரை முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், புண்ணியவான்கள். அன்றிலிருந்து விரல் கொக்கி மாதிரி வளைந்தே நிற்கிறது. ரிமோட்டின் விசையை இழுத்தால் வண்டி ஓடும், முன்னால் தள்ளினால் பிரேக். இழுக்க அந்தக் கொக்கி போதும். மெதுவாகத் தள்ள வராது. தள்ளினால் முழுசாகத்தான் போகும். இதை வெளியே சொல்லவும் அவள் விடமாட்டாள்.

"பாவம்னு ஒதுங்கி வழி விடுவானுங்கடா. அதுக்குப் பம்பரமே தேவலை."

தம்பிக்கு மனசு ஆறவில்லை. ஏபிஎஸ் உள்ள பழைய ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். பிரேக்கை முழுசாக அழுத்தினாலும் அது விட்டு விட்டுப் பிடிக்கும், சக்கரம் இறுகாது. எவ்வளவு விடவேண்டும் என்பதை மட்டும் நாம் வைத்துத் தரவேண்டும். அக்கா வீட்டுக் கூடத்தில், வழவழப்பான டைல்ஸில் ஓட்டிப் பார்த்து, வண்டி சறுக்குவது நிற்கும் வரைக்கும் அந்த அளவை ஏற்றிக்கொண்டே போனான். வால் ஆட்டாமல் நின்றது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் தார்த் தளத்தில் விட்டால், வண்டி வளைவையே மதிக்காமல் நேரே போய் டயர் அடுக்கில் முட்டியது.

"என்னடா இது? பிரேக் போடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே போகுது!"

"டைல்ஸ்ல நல்லாத்தானேக்கா நின்னுச்சு!"

"அப்போ பந்தயத்தையும் எங்க வீட்டுக் கூடத்துல வைக்கச் சொல்லு. ஏன்டா, பஸ்ஸையெல்லாம் குளியலறையில விட்டுத்தான் டெஸ்ட் பண்றியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அளவைக் குறைத்தான். தார் சொரசொரப்பு, சக்கரத்துக்கு அங்கே பிடிமானம் தானாகக் கிடைக்கும், அவ்வளவு விடத் தேவையில்லை. இன்னும் குறைத்தான், வால் லேசாக ஆடியது. ஒரு படி ஏற்றினான். வண்டி நறுக்கென்று வேகம் இறங்கி, வளைவில் ஒழுங்காகத் திரும்பியது. அக்கா மறுபடி ஓட்டினாள். மறுபடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவள் வண்டி ஒருதரம்கூடச் சுற்றவில்லை. இரண்டாவதாக வந்தாள். செயலாளர் மூன்றாவது. மனுஷன் கை கொடுத்திருக்கலாம். மைக்கை எடுத்து, "பம்பரம் அக்கா இன்னிக்கு ஓட்டலப்பா, அவங்க ரிமோட்டுதான் ஓட்டுச்சு!" என்றார். மறுபடி அதே சிரிப்பு. ஏன், அவர் ரிமோட்டில் ஏபிஎஸ் இல்லையாக்கும்? அங்கே பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். அவன் போட்டால் சாமர்த்தியம், இவள் போட்டால் ரிமோட்டு!

தம்பி கிளம்பிவிட்டான். "இன்னிக்கு அந்த ஆளை ரெண்டுல ஒண்ணு பாக்குறேன். உன் விரல் கதையை அதே மைக்குல சொல்றேன்."

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அதே கொக்கி விரலால்.

"நில்லுடா. வாயை மூடிட்டு நான் சொல்றதைச் செய். பெயின்ட் வாங்கிட்டு வந்து, வண்டிக்குப் பின்னாடி பம்பரம்னு எழுதிக் குடு."

"உனக்கென்ன பைத்தியமா? அந்தப் பேரையா?"

"அந்தப் பேரைத்தான். நல்லா பெரிய எழுத்தா எழுது. பின்னால வர்றவன் படிக்கணும்."