மணியடிக்கக் கொடுத்த சாவி

போன தவக்காலத்தில் ஜெர்மன் பேச்சுத் தேர்வில் நான் தோற்றுப்போனேன். எதிரே இருந்த தேர்வாளர் கேள்வி கேட்டார். பதில் மனதில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

நம் கோயிலுக்கு வரும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. என்னோடு சேர்ந்து ஜெர்மன் படித்த தோழிகள் பாஸாகி அந்த நாட்டுக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். ஆன்லைன் வகுப்பு முடிந்தால் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவேன். டியூட்டி மாறிவிடும். அட்டவணை மட்டும் சுவரில் இருக்கும். நான் படித்தேனா, விட்டேனா என்று கவலைப்பட ஒரு ஜீவன் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ஆண்டவரே, கூடப் படிக்க ஒரே ஒரு ஆள் கொடும்" என்று அழுது செபித்தேன்.

ஆள் வரவில்லை, வேலைதான் வந்தது. கோயிலைத் திறந்து பார்த்துக்கொள்ளும் நம் கோயில்பிள்ளைக்கு முட்டியில் ஆபரேஷன். ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் வூடுதாம்மா பக்கத்துல. காலையில கோயிலத் தொறந்து மணியடிச்சிடறியா?"

எனக்கு ஒரே எரிச்சல். நான் கேட்டதென்ன, இவர் கொடுப்பதென்ன என்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மணிக்காக நைட் டியூட்டி வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் கேட்டேன், பகல் டியூட்டியே கொடுத்துவிட்டார்கள். படிப்புக்காக அதைக் கேட்க எனக்குத் தைரியமே வந்ததில்லை. மணியடித்துவிட்டு, பூசைக்கு ஆட்கள் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று காலிக் கோயிலில் சத்தமாகப் படித்தேன்.

ஒருநாள் மனசு விட்டுப்போய் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன். முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற தெரேசா அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

"வெளிய கேக்குமாக்கா?"

"தெனம் இத கேட்டுக்கிட்டுதான வேனுக்கு நிக்கிறேன். ஒண்ணும் புரியாது. ஆனா நீ படிக்கலன்னா என்னமோ மாதிரி இருக்கு."

நான் தேம்பி அழுதுவிட்டேன். எனக்கு ஆளே இல்லை என்று புலம்பிய அத்தனை நாளும் ஆண்டவர் ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

அடுத்த தேர்வில், அக்கா கதவுக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன். பாஸாகிவிட்டேன். நன்றி ஆண்டவரே!

அடுத்த வாரம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன். தோழிகள் இருப்பது வேறு ஊர்களில்; அங்கேயும் தனியாகத்தான் இருப்பேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது செபிக்கும்போது வாசல் பக்கமும் பார்க்கிறேன். கோயில்பிள்ளைக்கு இன்னும் படியேற முடியவில்லை. உங்களில் யாராவது தனியாகப் படித்துச் சோர்ந்து போயிருந்தால், ஆண்டவரை நம்பி சாவியை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மணியடித்துவிட்டுச் சத்தமாகப் படியுங்கள். அக்கா வெளியில்தான் நிற்பார்.