எல்லைக் கல்லில் உட்கார்ந்திருந்தவன்

லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. மந்தைவெளியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. எனக்கும் என் மனைவி விசாலத்துக்கும் முழங்கால்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டதால், பழுதுபார்க்க ஆள் வரும்வரை நாங்கள் கைதிகள். நேற்று, வீட்டு வேலைக்கு வரும் மல்லிகா மூச்சிரைக்க ஏறி வந்து ஒரு பையை மேசைமேல் வைத்தாள்.

"இன்னா சார், ஜெயில்ல கீற மாதிரி கீறீங்க ரெண்டு பேரும். இந்தாங்க, மலைவாழப்பழம்."

தோல் கறுத்த அந்தப் பழத்தின் வாசனை என்னைக் கொடைக்கானல் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோனது. சரியாகச் சொன்னால், அதன் எல்லைக்கு. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில், ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு போன பயணம். சாலை கிடையாது, காட்டு வழியே நடக்க வேண்டும். பழைய கோயில்கள் உண்டு, பாறை உச்சியிலிருந்து சமவெளி முழுவதும் தெரியும் என்றெல்லாம் படித்துவிட்டு ஏற்பாடு செய்தவனே நான்தான். கூடவே அட்டைகளைப் பற்றியும் படித்திருந்தேன். அட்டை எப்படிக் காலில் ஏறும், எவ்வளவு ரத்தம் குடிக்கும் என்று வழி முழுக்கப் பிரசங்கம். ஷூவைக் கழற்றுகிறவன் முட்டாள் என்று முடித்தேன். அட்டைமேல் தூவப் பையில் ஒரு பொட்டலம் உப்பு வேறு.

ஊர் எல்லையில் ஒரு கல். அதைத் தாண்டினால் யாரும் காலில் எதுவும் போடக்கூடாது. அவர்களுக்கு ஊரே கோயில். எதிரே வந்த ஒரு அம்மாள், "கழட்டிட்டு வாங்க தம்பி. உள்ள அட்டை கிடையாது" என்றார். விசாலம்தான் முதலில் கழற்றினாள். கபாலி கோயில் பிரகாரத்தில் சுடுகிற கல்லில் வெறுங்காலோடு சுற்றுகிற நான் மட்டும் என் பிரசங்கத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

"விடுங்க சிஸ்டர், நம்ம புரொபசருக்கு ரத்தம் கம்மி, சேத்து வெக்கிறாரு" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு என் கால் அசையவில்லை.

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். தனியாக இறங்க வழி தெரியாது. உள்ளே போக மனம் வராது. உப்பைக் கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொண்டேன். அட்டை ஒன்றுகூட வரவில்லை. உள்ளேயிருந்து விசாலத்தின் சிரிப்பு கேட்டது. அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

மதியத்துக்கு மேல், கை நிறைய மலைப்பழத்தோடு வந்தாள். கால் முழுக்கச் செம்மண்.

"ராத்திரி தங்கச் சொல்றா. கார்த்தால பாறை உச்சிக்கு அழைச்சுண்டு போறாளாம். செத்த உள்ள வாங்கோளேன்."

"எனக்கு ஆபீஸ் இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அது அவளுக்கும் தெரியும். காலைத் துடைத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் தங்கினார்கள், ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். அதன்பிறகு எங்கேயாவது போகலாமா என்று அவள் கேட்டதே இல்லை. நானும் அழைக்கவில்லை. அழைத்தால் அந்த மலையைப் பற்றிப் பேச்சு வருமே.

போன மாதம் மகள் செல்போனில் அந்த ஊரின் படம் அனுப்பினாள். பாரம்பரிய நடை, மலையேற்றம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நேற்று பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"லிஃப்ட் சரியானதும் அங்கே போலாமா? இப்போ ஊர் எல்லை வரைக்கும் ஜீப் போறதாம். அன்னிக்கு நான் பயந்தது அட்டைக்கு இல்லை, விசாலம். அவா சிரிச்சதுக்கு."

"தெரியும்" என்றாள். பாதிப் பழத்தைத் தின்றுவிட்டு, "நான் ஊரைப் பாத்தாச்சு. நீங்க போய்ட்டு வாங்கோ."

மகள் அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். எல்லையில் ஜீப்புகள் நிற்கின்றன. நான் உட்கார்ந்திருந்த கல்லைக் காணவில்லை.