பின்னால் போன கார்

என் மச்சானைப் பழிவாங்கத்தான் நான் அந்த ஸ்போர்ட்ஸ் காரைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டினேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

மனைவியின் தமையனான அவருக்கு மொன்ட்ரியால்-நோரில் சொந்தமாகக் கராஜ் இருக்கிறது. உதிரிப் பாகங்களாகப் பெட்டிகளில் வந்திறங்கிய காரைப் பார்த்துவிட்டு, என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "உமக்குச் சைக்கிள் செயினே கொழுவத் தெரியாது. உமக்கேன் இந்த வேலை?" என்று சிரித்தார்.

இரண்டு வருடம் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே ஒவ்வொரு நட்டையும் முறுக்கினேன். எஞ்சின் ஓடிய பிறகும் கியர் போட்டுப் பார்க்கவில்லை. முதல் ஓட்டம் கோயில் வாகனப் பூசையில், தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு, அவர் கண் முன்னால்தான் என்று வைராக்கியம். காரை ட்ரெய்லரில் ஏற்றி டொலார்ட்-டெஸ்-ஓர்மோ கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஐயர் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார். மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலாம் கியரைப் போட்டேன். கார் பின்னால் போனது. பதறிப்போய் இரண்டாம் கியரைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கியர்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தை மறுபக்கமாகப் பூட்டியிருக்கிறேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மச்சான் சிரிக்கவில்லை. தேசிக்காய்களைப் பொறுக்கிவந்து மறுபடியும் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார். என் காதருகே குனிந்து, "ரிவேர்சைப் போடும். முன்னுக்கு வரும்" என்றார்.

போட்டேன். வந்தது. தேசிக்காய்கள் நசுங்கின.

அன்று அவரும் சிரித்திருந்தால், வாழ்நாள் முழுக்க அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதையும் கெடுத்துவிட்டார். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.