கை தாழ்த்தும் வரை

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடைகளில் ஜெயபாக்கியத்தின் கடை சின்னது. ஆனால் அங்கே ரகம் பிரித்த காயை யாரும் மறுபடி சலித்துப் பார்ப்பதில்லை. காயின் பருமன் எட்டு மில்லி, முதல் ரகம் என்று அவள் சொன்னால் எட்டு மில்லிதான். தாய் இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. தம்பி சாம்சனுக்கு அப்போது நாலு வயசு. தலைசீவிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது எல்லாம் அவள்தான். பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது, புருஷனும் போய்ச் சேர்ந்தான். இப்போது கடையும், அதன் பின்னால் இரண்டு அறை வீடும் மிச்சம்.

சாம்சன் வெளிநாட்டில் இசைக்குழு நடத்துகிறவன். எழுபது எண்பது பேர் வயலினும் குழலும் முரசுமாக உட்கார்ந்திருக்க, முன்னால் நின்று கையசைத்து அவர்களை ஒன்றாக வாசிக்கவைக்கும் வேலை. அதிலும் அவனுக்குப் பிடித்தது ஓபரா. வசனம் இல்லாமல் பாட்டாலேயே நடத்தும் நாடகம் அது. கடையில் காய் பொறுக்கும் கலையரசிக்கு இந்த வேலையில் நம்பிக்கை இல்லை.

“அவரு எதுவும் வாசிக்க மாட்டாராக்கா? பெறகு சம்பளம் எதுக்கு?”

“போடிமெட்டுக்குப் போற ஜீப்புல பதினஞ்சு பேரு ஏறுறீகளே, பதினஞ்சு பேருமா ஸ்டீயரிங்கப் பிடிக்கிறீக?” என்றாள் ஜெயபாக்கியம்.

வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவன், சென்னையில் படித்து, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனான். ஒரு சின்ன ஊரில் பாடகர்கள் ஒத்திகை பார்க்கும்போது பியானோ வாசிக்கும் வேலை. ஆறு வருஷம் அதுதான். குழுவை நடத்தும் பெரியவர் வராத ஒரு நாளில் மேடை கிடைத்தது. பிறகு நார்வே, ஜப்பான், அர்ஜென்டினா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கினான். அதிலிருந்து எந்த ஊரிலும் மூன்று வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. எங்கும் ஓட்டல் அறைதான். கல்யாணப் பேச்சு எடுத்தால், எந்த ஊரில் குடிவைப்பது என்று சிரித்துவிடுவான்.

போகிற இடத்துச் சுவரொட்டிகளை அவன் அக்காவுக்கு அனுப்பிவைப்பான். அந்த மொழிகள் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் தம்பியின் பெயர் எழுத்து எவ்வளவு உயரம் என்று ஏலக்காயைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். முதல் சுவரொட்டியில் நடிகர்களுக்குத் துணி தைத்தவர் பெயருக்கும் கீழே, சல்லடையில் தங்காத தூசியாகக் கிடந்தது. நார்வேயில் ஆறரை மில்லி. அர்ஜென்டினாவில் ஏழு தேறியது. இன்னும் எட்டு வரவில்லை.

கோயிலில் அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. அங்கே பாட்டு நடத்துகிறவர் சபையைப் பார்த்து இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினால் எல்லோரும் எழ வேண்டும். தாழ்த்தினால்தான் உட்கார வேண்டும். பதினாறு வயதில் முதல்முறை பாட்டு நடத்திய சாம்சன், கையைத் தாழ்த்தாமலே ஆர்மோனியத்துக்குத் திரும்பிவிட்டான். பாட்டு முடிந்து, வேதம் வாசித்து, பிரசங்கம் தொடங்கியும் சபை நின்றுகொண்டே இருந்தது. “சாம்சன் நிக்க வச்சா நின்னதுதான்” என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் கிறிஸ்துமஸுக்கு வந்தான். பாட்டு நடத்த ஒப்புக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு வெள்ளை வேட்டி எடுத்துவைத்தாள். முறுக்கு சுட்டாள். புதுத் தலையணை தைத்தாள். வந்தவனோ பேச்சில்லாமல் இளைத்துக் கிடந்தான். ரெண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லாமல் தூங்க வேண்டும் என்று சொல்லி, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கும் பழைய சிநேகிதன் சோலைமலையிடம் போனான். அங்கே போன் எடுக்காது. அவசரமென்றால் அக்கா நம்பருக்குக் கூப்பிடும்படி, தனக்கு வேலை ஏற்பாடு செய்கிற ஆட்களிடம் சொல்லியிருந்தான்.

அந்த அவசரம் மறுநாள் மதியமே வந்தது. போனில் இங்கிலீஷ். பக்கத்துக் கடை தங்கப்பாண்டியின் மகள் கிருபாராணி வாங்கிப் பேசினாள். பேசப்பேச அவள் முகம் மாறியது. இத்தாலியில் ஒரு பெரிய ஓபரா அரங்கில் நடத்த இருந்தவர் படுத்துவிட்டாராம். அந்த நாடகம் சாம்சனுக்கு அத்துப்படி. இங்கே சாயங்காலம் ஆவதற்குள் சம்மதம் சொல்லி, நாளைக்கு விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

கிருபாராணி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “பெரியம்மா, மலையில டவர் இல்லன்னு சொல்லிருவோமா? பொய்யில்லயே. மாமா இப்பத்தான வந்தாக.”

 ஜெயபாக்கியத்தின் கையிலிருந்த சல்லடையில் காய் பாதி சலித்துக் கிடந்தது. மிச்சத்தையும் சலித்தாள். கலையரசியும் மற்றவர்களும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவள் எழுந்து கைகழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வேலையாட்களை ஏற்றிவர அழகுராஜாவின் ஜீப் காலியாக மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“சேதியச் சொல்லுங்கக்கா, நான் சொல்லிக் கூட்டியாறேன். நீங்க எதுக்கு இந்த வளைவுல ஏறிக்கிட்டு?” என்றான் அழகுராஜா.

“வண்டிய எடுப்பா வெரசா” என்று முன்சீட்டில் ஏறினாள். சேதியைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வந்ததும் பெட்டி கட்டிப் போய்விடுவான். இறங்கிவரும் வழியிலாவது கூட இருக்கலாம் என்று நினைத்தாள்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் ஓரத்தில், காலிச் சாக்குகளின் மேல் சாம்சன் தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி முதல் ஒரே தூக்கம், சாப்பிடக்கூட எழவில்லை என்றான் சோலைமலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயசில் அவள் மடியில் இப்படித்தான் தூங்குவான். ஓட்டல் அறைகளில் ஒரு காதைத் திறந்துவைத்தே தூங்குகிறேன் என்று போனில் சொல்வான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் போதும்; வெயில் சாய்ந்துவிடும்; யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. வெயில் சுவரில் ஒரு கல் உயரம் ஏறுவதைப் பார்த்தாள். அவன் காலைத் தொட்டாள்.

“சாம்சா, எந்திரிப்பா. ஒனக்குச் சோலி வந்திருக்கு.”

அவள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோயிலில் வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றான்.

“நான் போகலன்னா என்னக்கா?”

அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வரத்தான் அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். வந்தபோது அவள் கேட்டது இதுதான்: “பேரு எத்தன மில்லியில போடுவான்?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்புட்டுப் பெருசுக்கு ஒங்கிட்ட சல்லடை கெடையாதுக்கா.”

“அப்பக் கெளம்பு.”

ஜீப்பில் எஸ்டேட் பெண்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். அக்காவும் தம்பியும் முன்சீட்டில். அவன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, அம்மா முகம் உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள். மூக்குத்தியில் ஆரம்பித்து நெற்றிக்கு வருவதற்குள், ஒரு வளைவில் அவன் போனுக்கு டவர் கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் ஜீப்பில் இல்லை. தெரியாத மொழியில் பேசினான். பேச்சு ஓயும்போது தொடையில் விரலால் தாளம் போட்டான். போடி வந்துவிட்டது. அன்றிரவே அவன் கிளம்பினான். அவள் மடித்துவைத்த வேட்டி பெட்டிக்குள் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வேறு யாரோ பாட்டு நடத்தினார்கள். முறுக்கைக் கடைப் பெண்களுக்குப் பங்கு வைத்தாள். மறுநாள் ராத்திரி, ஓபரா நேரலையில் வரும் என்று கிருபாராணி வந்து டிவியில் இணைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஆள் வந்திருக்கிறார்கள் என்று போய்விட்டாள்.

திரையில் பெயர்கள் ஓடின. சாம்சன் பெயரும் வந்தது. கையில் தயாராக வைத்திருந்த ஏலக்காயோடு அவள் டிவியை எட்டுவதற்குள் மறைந்துவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கறுப்புச் சட்டையில் அவன் வந்தான். மேடைக்குக் கீழே பள்ளத்தில் இசைக்குழு உட்கார்ந்திருந்தது. அவன் உள்ளங்கைகள் இரண்டையும் உயர்த்தினான். குழுவில் எல்லோரும் எழுந்தார்கள். ஜெயபாக்கியமும் எழுந்தாள்.

அவன் சனங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். உடனே திரும்பிக்கொண்டான். வாசிக்கிறவர்கள் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். உட்காரச் சொல்லி அவன் கையைத் தாழ்த்தவில்லை. தூக்கிய கையோடேயே தொடங்கிவிட்டான். அவள் நின்றாள். மேடைத் திரை விலகி யாரோ ஒரு பெண் பாடினாள். அந்தப் பெண் பாடுவது என்னவென்று ஜெயபாக்கியத்துக்குத் தெரியவில்லை, யாரையோ கூப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தம்பியின் முதுகு ஒருமுறை காட்டப்பட்டது, பிடரி வியர்த்திருந்தது. தலையணை அவன் ஒரு ராத்திரி படுத்த பள்ளத்தோடு கட்டிலில் கிடந்தது. முழங்கால் கடுத்தபோது அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. சாம்சன் இரண்டு கைகளையும் மெல்லக் கீழே இறக்கினான்.

ஜெயபாக்கியம் உட்கார்ந்தாள்.